ரசம் கொட்டிய தரை

ஃபேரர் பார்க்கில் நாங்கள் வாங்கியது பழைய அடுக்குமாடி வீடு. கூடம் முழுக்கத் தேன் நிறக் கல் பதித்த தரை. விற்றுவிட்டுப் போன சீன ஆன்ட்டி சாவியைக் கொடுக்கும்போது, "மார்பிள் லா, நல்லா பார்த்துக்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நாங்களும் கேட்டவர்களிடமெல்லாம் மார்பிள் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கணவர் ரசப் பாத்திரத்தைச் சாப்பாட்டு மேசைக்குத் தூக்கி வந்தார். பிடித்திருந்த துணி நழுவி, சமையலறை வாசலிலேயே பாத்திரம் கவிழ்ந்தது. காலில் படவில்லை என்ற நிம்மதியில் அவசரமாகத் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். சாயங்கால வெயில் தரையில் சாய்ந்து விழுந்தபோதுதான் கவனித்தேன். ரசம் ஓடிய வழியெல்லாம் பளபளப்பு போய், சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்துக் கிடந்தது.

எங்களோடு இருக்கும் மாமியார் குனிந்து பார்த்தார். "புளிக்கறைதானே? எலுமிச்சம்பழத்தை உப்புல தொட்டுத் தேய்ச்சா போயிடும். குத்துவிளக்கை அப்படித்தானே தேய்க்கிறோம்?"

மறுநாள் நான் அலுவலகம் போய்த் திரும்புவதற்குள் தேய்த்தும் முடித்திருந்தார். வெளுப்பு இன்னும் பெரிதாகியிருந்தது. "இன்னும் அழுத்தித் தேய்ச்சிருக்கணும் போல" என்று அவர் முழங்காலைப் பிடித்துவிட்டபடி சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பித்தளையைப் பளிச்சென்று ஆக்கும் எலுமிச்சை, கல்லை மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது?

ஸ்டோர் ரூமில் ஆன்ட்டி விட்டுப்போன உபரிக் கல் ஒன்று கிடந்தது. அதைத் திருப்பிப் போட்டு, வழவழப்பில்லாத பின்பக்கத்தில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பொடிப்பொடியாக நுரை கிளம்பியது.

"அத்தை, இங்க வாங்களேன்!"

அவர் கல்லைத் தூக்கிக் காதருகே வைத்துக்கொண்டார். "உஸ்ஸுன்னு சத்தம் வருதும்மா. சாறு கல்லைத் தின்னுது!"

விஷயம் அதுதான். ஒட்டிய கறையாக இருந்தால் கழுவி எடுக்கலாம். இங்கே புளிப்பு பட்டுக் கல்லின் மேல்தோலே கரைந்திருந்தது. இனி எதைப் போட்டுக் கழுவினாலும் பயனில்லை, தோலை மறுபடி இழைத்துத்தான் பளபளப்பை வரவழைக்க வேண்டும். பக்கத்து ஹார்ட்வேர் கடையில் வைரத் தூள் ஒட்டிய தேய்ப்பு வட்டுகளையும், கடைசியில் மெருகேற்றும் மாவையும் வாங்கி வந்தேன். முதலில் உபரிக் கல்லில் பழகினேன். தண்ணீர் தெளித்து, சொரசொரப்பான வட்டில் தொடங்கி, வரவர மென்மையான வட்டுக்குப் போக வேண்டும். நடுவில் ஒன்றைத் தவிர்த்தால் கீறல் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த சனிக்கிழமை சமையலறை வாசலில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். வாசலை ஒட்டியிருந்த ஃபிரிட்ஜ் ஓரத்தில் யார் காலும் படாததால் பழைய மெழுகு மஞ்சளாகத் தடித்துப் படிந்திருந்தது. அதையும் மெழுகு நீக்கி ஊற்றிச் சுரண்டினேன். மஞ்சள் விலக விலக, கல்லுக்குள் வெள்ளையாக ஒரு சுருள் தெரிந்தது. விரிசல் என்று பயந்துபோய் விரலால் தடவினேன். வழவழவென்றுதான் இருந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் உள்ளே குறுக்கே தடுப்புகள் போட்ட குட்டி அறைகள் தெரிந்தன.

"என்னங்க, இதுக்குள்ள சங்கு இருக்கு!"

கணவர் போன் விளக்கோடு ஓடி வந்தார். மாமியார் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு பின்னாலேயே வந்தார். சாப்பாட்டை மறந்து மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் தேடிப் படித்ததில் தெரிந்தது, நிஜ மார்பிள் பூமிக்கடியில் வெந்து உருமாறியிருக்கும், அதில் இப்படிச் சிப்பியெல்லாம் மிஞ்சாது. நாங்கள் இத்தனை நாள் பெருமையடித்துக்கொண்டது சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் கடலடிச் சேறு.

"வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பா?" என்று கேட்டார் மாமியார்.

"அதே ஜாதிதான் அத்தை."

"கிளிஞ்சலைச் சுட்டுத்தானே அந்தச் சுண்ணாம்பே எடுப்பாங்க? அப்ப சரிதான்" என்று தலையாட்டினார்.

படம் எடுத்து ஆன்ட்டிக்கு அனுப்பினேன். இப்போது மகளோடு புக்கிட் மேராவில் இருக்கிறார். மறுவாரமே ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ஃபிரிட்ஜ் ஓரம் போய்க் குந்தினார்.

"வருஷா வருஷம் புத்தாண்டுக்கு நான்தான் மெழுகு போட்டேன். அழகா இருக்கணும்னு போட்டேன். இதை மூடிக்கிட்டே இருந்திருக்கேன் பாரு" என்றவர், விரலால் அந்தச் சுருளின் மேல் மெல்லச் சுற்றினார். "இது உயிரோட இருந்ததா?"

"ஆமா ஆன்ட்டி."

தலையை நிமிர்த்திக் கூடத்துத் தரையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, "வேற எங்க இருக்கு?" என்றார்.

அது எங்களுக்கும் தெரியவில்லை. வாசலில் மட்டும் பளபளத்ததால் மற்ற தரை அழுக்காகத் தெரிந்தது, ஆகவே கூடம் முழுவதையும் செய்தே தீர வேண்டியதாயிற்று. சனிக்கிழமைதோறும் ஆன்ட்டி வந்தார். மாமியார் முக்காலியில் உட்கார்ந்து நீளக் கைப்பிடித் துடைப்பானால் சேற்றுத் தண்ணீரை வழித்தார். இருவருக்கும் பொதுவான மொழி கொஞ்சம் மலாய், மீதி கையசைவு. கடைசியில் கறை உறிஞ்சாமலிருக்கக் காப்புத் திரவம் பூசி, ஒரு நாள் முழுக்கக் கூடத்தில் யாரையும் நடக்க விடவில்லை.

சோபாவுக்கு அடியில் இன்னொரு வெள்ளைக் கோடு இருக்கிறது. ஆன்ட்டி அது மீன் முள் என்கிறார். மாமியார் பவளம் என்கிறார். வெறும் கீறல் என்று நான் சொல்லிப் பார்த்தேன். இருவரும் சேர்ந்துகொண்டு என்னை அடக்கிவிட்டார்கள்.