வாயில் வெற்றிலையோடு கேட்கிற பாட்டு

அருப்புக்கோட்டையில் இருபது வருடமாக விசைத்தறி ஓட்டுகிறேன். எங்கள் பக்கத்தில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிற ஒருவர் இருக்கிறார். பெயரைப் போட்டால் அதற்கும் கோபித்துக்கொள்வார். மைக் வேண்டாம் என்பார். நடுவில் யாராவது பேசினால் எழுந்து போய்விடுவார். பந்தல்குடியில் அப்படித்தான் போனார். ஆனாலும் அவர் பாட்டுக்கு ஈடு கிடையாது.

போன பங்குனியில் திருச்சுழிப் பக்கம் ஒரு கோயில் பொங்கலுக்கு வந்திருந்தார். மழைக்குக் காத்திருந்து கடைசியில் ஊரைவிட்டே போனவனைப் பற்றிய பாட்டு. கூட்டமே மூச்சடக்கிக் கேட்டது. நான் மனைவியின் காதில், "என்னமாப் பாடுறாக பாரு!" என்றேன். தறிச் சத்தத்தில் கத்திப் பேசியே பழகிய வாய். காதில் சொன்னது கோயில் முழுக்கக் கேட்டுவிட்டது.

பாட்டு நின்றது. "யாருய்யா அது?" என்றார் அவர்.

கூட்டம் மொத்தமும் என்னை முறைத்தது. எழுந்தேன். "தறி ஓட்டுறவன் அய்யா. மெதுவாப் பேச வராது. காதும் கொஞ்சம் மந்தம்."

துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

"முன்னாடி வந்து உக்காருய்யா. இனி வாயத் தொறந்தா எந்திரிச்சுப் போயிருவேன்."

சிரிக்கவில்லை. ஆனால் முதல் அடியிலிருந்து மறுபடி பாடினார், எனக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்க.

இப்போதும் அவர் பாடுகிற ஊருக்கெல்லாம் போகிறேன். உட்காரும் முன் வாய் நிறைய வெற்றிலையை அதக்கிக்கொள்வேன். பாட்டு முடிகிறவரை துப்ப மாட்டேன்.