மாமா சேர்த்த பத்துப் பிள்ளைகள்

எங்கள் ஊருக்குள் ஒரு வேன் வந்து நின்றால் யார் வீட்டிலோ கல்யாணம், இல்லாவிட்டால் காதுகுத்து. கதவு திறந்ததும் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட வேண்டும். எந்த மண்டபம், யார் வீட்டு விசேஷம் என்பதையெல்லாம் பாதி வழியில் விசாரித்துக்கொண்டால் போதும். இந்தப் பழக்கத்தை என் மாமா ஒரு நாள் மறந்துபோனார்.

அலங்காநல்லூரிலிருந்து உள்ளே தள்ளி, கால்வாய்ப் பாலத்தையும் தாண்டி, கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் இருக்கிறது ஊர். மூன்றாம் வகுப்புக்கு என்னை மட்டும் மதுரையில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். அப்பா மொபெட்டில் கொண்டுபோய் விட்டார். நடவு தொடங்கியதும் அவரால் முடியவில்லை. பள்ளிக்கூட வேனோ மெயின் ரோட்டோடு போய்விடும். அதுவரை நடந்தால் எனக்குக் காலே ஓய்ந்துவிடும். ஒரு பிள்ளைக்காக உள்ளே வர முடியாது, பத்துப் பிள்ளையாவது இருந்தால் பார்க்கலாம் என்றார் வேன்காரர். வேன் வராவிட்டால் திரும்பவும் உள்ளூர்ப் பள்ளிக்கூடம்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. அவள் படிப்பு பத்தாவதோடு நின்றதற்கும் மேல்நிலைப் பள்ளி இருந்த ஊருக்கு பஸ் இல்லாததுதான் காரணம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, சிம்மக்கல்லில் ஒரு வெங்காய மண்டியில் வேலை பார்த்தார். எந்தச் சிக்கலையும் பேசியே தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். பேசியே பல சிக்கல்களை உண்டாக்கியும் இருக்கிறார்.

"பத்துப் புள்ளைதானக்கா? எம்புட்டு வேணும்னாலும் நான் நிறுத்துறேன், நீ கவலப்படாத."

வேன்காரர் ஒரு சனிக்கிழமை காலையில் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. எங்கள் பள்ளி சனிக்கிழமை என்றெல்லாம் இரக்கம் காட்டாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லீவு. தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவர்களையெல்லாம் மாமா முந்தின நாளே பிடித்து, குளித்துத் தலைசீவி வரச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போறியா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

பால் சொசைட்டி வாசலில் எல்லோரும் பவுடர் அப்பிக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டுச் செல்வி பொங்கலுக்கு எடுத்த பச்சைப் பாவாடையில் வந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு வரைக்கும் அவளும் நானும் ஒரே பெஞ்சு. வயலில் இறங்கியிருந்த பனி இன்னும் விலகவில்லை. அதற்குள்ளிருந்து மஞ்சள் நிறம் மட்டும் முதலில் தெரிந்தது, பிறகு வேன் தெரிந்தது. எனக்குப் பாதித் தூக்கம். அது கனவு என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

வேன்காரர் எண்ணிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நான் ஏறுவதற்காகக் கதவைத் திறந்தார். அவ்வளவுதான். மாமா வாயைத் திறப்பதற்குள் பத்துப் பேரும் உள்ளே இருந்தார்கள். ஒரு பையன் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் போட்டான். பால் ஊற்ற வந்த ஒருவர், "எந்த மண்டபம் மாப்ள?" என்று மாமாவை விசாரித்தார்.

"படிப்புல இம்புட்டு ஆசையா! இன்னைக்கே வரட்டும்ணே, ஸ்கூலப் பாத்துக்கட்டும்" என்றார் வேன்காரர். மாமாவும் ஏறிக்கொண்டார்.

அந்தப் பயணம்போல எனக்குப் பிறகு ஒன்று வாய்க்கவில்லை. கால்வாயில் தண்ணீர் நிறைந்து போனது. வாழைத்தோப்புகள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் பின்னால் போயின. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போன அதே ரோடுதான், ஆனால் அது எங்கேயோ புதிதாகப் போவதுபோல் இருந்தது. செல்வி என் தோளில் சாய்ந்துகொண்டாள். பள்ளிக்கூடம் வராமலே இந்த வேன் போய்க்கொண்டே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பள்ளிக்கூட வாசல் வந்தது. துண்டு போட்ட பையன் இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"சாப்பாடு எங்கண்ணே போடுறாக?"

வேன்காரர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கேட்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. திட்டு விழும் என்று பயந்தேன். வேன்காரர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "ஏத்துனவன் நான். கொண்டுபோய் விடுறதும் நான்தான். உங்கக்கா மகளுக்காகப் பாலம் வரைக்கும் வாரேன். அதுக்கு மேல கேக்காதீக."

நான் இறங்கிக்கொள்ள வேண்டும். செல்வி என் கையை விடாமல் கேட்டாள்: "தெனமும் இப்பிடித்தான் வருமா?"

"தெனமும்தான்" என்றேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

பாலம் வரை என்று கேட்டதும் அம்மா அழுதுவிட்டாள். பாலத்துக்கு நடந்துவிடலாம், அதற்கென்ன! திங்கட்கிழமை விடிந்தும் விடியாததுமாக அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்கும் பனி. பால் சொசைட்டி வாசலில் செல்வி நின்றிருந்தாள். அதே பச்சைப் பாவாடை, இறுக்கிப் பின்னிய ரெட்டைச் சடை, கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் தூக்குச்சட்டி. எங்களைப் பார்த்ததும் நான் நிற்பதற்காகக் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள்.

அம்மா நிற்கவில்லை. என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். செல்வி பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவுக்கு என்ன கோபம் என்று எனக்குப் புரியவில்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். இந்தக் குளிரிலும் செல்வி குளித்துவிட்டு என்னை வழியனுப்ப வந்து நிற்கிறாளே என்று பெருமையாக இருந்தது. ரோடு வளையும்வரைக்கும் அவளுக்குக் கையை ஆட்டிக்கொண்டே போனேன்.