நாற்பது நொடி கழித்து வரும் போட்

போன மாசம் லம்பா லைன் கம்ப்யூட்டர் கிளாசில் என்னைப் பார்த்து ஒருத்தி சிரித்துவிட்டாள். பக்கத்து சீட் மிட்டு, பெங்காலிப் பெண்.

"அரே ஆன்ட்டி, ஆப்கா பேஜ் ஹேங் ஹோ கயா!"

ஹேங்கா? என் பேஜ் அசையாமல் நின்றுவிட்டதாமா?

லாங் ஐலண்ட் என்கிற எங்கள் சின்னத் தீவில் என் வீட்டை ஒட்டி டூரிஸ்டுகளுக்கு இரண்டு ரூம் விடுகிறேன். போன சீசனில் பல்லிகள்தான் தங்கின. சென்னையிலிருந்து மகன் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "இந்த சீசனும் யாரும் வரலேன்னா, பூட்டிட்டு மெயின்லேண்ட் வந்துரும்மா. டிக்கெட் நான் போடுறேன்."

பூட்டுவதா... நானா?

வெப்சைட் இருந்தால் ஆள் வரும் என்றார்கள். செய்து தருகிறோம் என்றும் சிலர் வந்தார்கள். என் வாசலுக்கு நான்தானே கோலம் போடுகிறேன்? இதையும் நானே போட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். போட் ஏறிப் போய், டவுனில் லம்பா லைன் பக்கம் தங்கை வீட்டில் தங்கிப் படிப்பு.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பேஜில் படத்தை ஆடவைக்கும் அனிமேஷன் சாஃப்ட்வேரில் பாதி எழுத்தே இல்லை! பென்சில் படம் - வரையலாம். கண் படம் - மறைக்கலாம். பூட்டுப் படம் - கை தவறிக் கலையாது. இங்கிலீஷ் குறுக்கிட்டால் ரஷீதா மிஸ் படித்துச் சொல்வார். என் மகன் வயதுதான் இருக்கும். இருந்தாலும் சொல்லித்தருகிறவர் மிஸ்தானே?

என் பேஜைத் திறந்தால் கடல், போட் வந்து அணையும் ஜெட்டி காலியாக. நாற்பது நொடி கழித்துத்தான் போட் வரும். அதைத்தான் ஹேங் என்றாள் மிட்டு.

மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூணு நொடிக்கு மேல யாரும் நிக்கமாட்டாங்க ஆன்ட்டி. போட்டை உடனே கொண்டு வாங்க."

"நாங்க நாள் பூரா ஜெட்டில உக்கார்றோம் மிஸ். காத்து அடிச்சா போட்டே கிடையாது. நாற்பது நொடி தாங்காதவங்க எங்க ஊருக்கு வந்து என்ன பண்ணுவாங்க?"

"அதுக்கு முதல்ல அவங்க வரணுமே!"

சுருக்கென்றது. மகன் போடப்போகும் டிக்கெட் கண்ணில் தெரிந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். போட்டை அவசரப்படுத்த மனசு வரவில்லை - வராத நேரத்தில் வருவதாகக் காட்டுவது பொய்யில்லையா? ஆனால் பேஜ் உயிரோடு இருப்பது தெரியவேண்டுமே...

எங்கள் ஜெட்டி நாயை வரைந்தேன். "பக்ரீ?" என்றாள் மிட்டு. ஆடாம்! காதைத் திருத்தினேன். வாலை ஒரு நொடியில் கீழே, அடுத்த நொடியில் மேலே வைத்தால், நடுவில் உள்ளதை சாஃப்ட்வேரே ஆட்டிவிடுகிறது. போட் நெருங்க நெருங்க வால் வேகமாக ஆடும்படி வைத்தேன். நிஜ நாயும் அப்படித்தான்.

மிஸ் நாற்பது நொடியும் பார்த்தார். இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார்.

ஊர் திரும்பி மூன்று வாரம், போன் அடிக்கவேயில்லை. நேற்று அடித்தது. கோயம்புத்தூர்ப் பெண்.

"ஏனுங்க, அந்த நாய் நெசமாவே ஜெட்டில இருக்குதுங்களா?"

"இருக்கும்மா."

"போட் வர்ற வரைக்கும் எம் பொண்ணு நகர மாட்டேங்கறா. நாலு நாளைக்கு ரூம் வேணுமுங்க."

ஒரே ஒரு குடும்பம்தான். இருந்தாலும் இரண்டு ரூம் தலையணை உறைகளையும் துவைத்துப்போட்டேன்.

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். "என்னம்மா, டிக்கெட் போடட்டா?"

"போடு. உனக்குப் போடு. ரூம் காலியா இருக்கான்னு முதல்ல வெப்சைட்டுல பாத்துக்க... போட் வர்ற வரைக்கும் பொறுமையா இருடா."