பன்னிரண்டு சீவுகத்திகள்

சயானைத் தாண்டி செம்பூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். கையில் தகரப் பெட்டி. உள்ளே இரண்டு சட்டை, ஒரு போர்வை, விரிசல் விட்ட ஒரு கத்தி. அறுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாராவிப் பட்டறையில் வேலை போயிற்று. படுப்பதும் அங்கேதான் என்பதால் படுக்கையும் போயிற்று. பம்பாயில் போய்ச் சொல்ல எனக்கு வேறு ஆள் கிடையாது.

தேவசகாயம் அண்ணாச்சியின் பட்டறையில் ஒரு வருஷம் கசாப்புக் கத்திக்கு மட்டுமே பதம் வைத்தேன். முதுகு கால் அங்குல கனம். கடிகாரம் இல்லை, பின்னால் ரயில் பாதை. "ஒரு லோக்கல் போயி அடுத்தது வார மட்டும் கரியில கெடக்கட்டும்ல. பொறவு தண்ணியில முக்கு" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். எல்லாக் கத்திக்கும் அதுதான் கணக்கு என்று நினைத்துவிட்டேன்.

அன்று அவர் சர்ச்சுக்குப் போயிருந்தார். தோல் பதனிடும் இடத்துக்குக் கொடுக்க வேண்டிய பன்னிரண்டு சீவுகத்திகள், தோலை மெல்லிசாகச் சீவுபவை, கிடந்தன. எட்டணாக் காசு கனம்கூட இல்லை. முடித்துவைத்தால் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று பட்டது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கரியில் செருகி, அடுத்த வண்டி வரும்வரை நின்றேன். முதல் கத்தியைத் தண்ணீரில் விட்டதும் 'டிக்' என்றது. கேட்டும் நிறுத்தவில்லை, மற்றவற்றுக்குக் கணக்கு தாண்டிவிடுமே என்ற பதற்றம். ஒன்பது வெடித்தன. மூன்று வளைந்தன.

திரும்பி வந்த அண்ணாச்சி ஒன்றை முறித்து, முறிந்த இடத்தைப் பார்த்தார். "பாருல, ரவை கணக்கா இருக்கு. அப்பளத்தையும் ஆட்டுக்காலையும் ஒரே நேரமா வேக வப்பாவளா?"

"நீங்க சொன்ன கணக்குதான் அண்ணாச்சி."

"நான் சொன்னேன். ஒங் கண்ணு எங்கல போச்சு, ரயிலுக்கா? பெட்டியத் தூக்கு."

நடக்கும்போதுதான் யோசித்தேன். கனமான கத்தி வெளியே சிவந்தாலும் நடுவில் சூடு சேர நேரம் வேண்டும். மெல்லியது சீக்கிரமே முழுக்கச் சிவந்துவிடும். அதற்கு மேல் கரியில் கிடந்தால் இரும்பின் உள்மணி ரவைபோலப் பெருத்து, கத்தி முறியும். மெல்லிய கத்தியை முக்கத் தண்ணீரும் ஆகாது, எண்ணெய்தான் என்பது பிறகு தெரிந்தது.

மறுநாள் காலை செம்பூரில் ஒரு மராத்திக்காரர் பட்டறையில் வேலை கேட்டேன். பெட்டியிலிருந்த கத்தியை எடுத்துக் காட்டினேன். யார் உடைத்தது என்று ஹிந்தியில் கேட்டார்.

"மைனே" என்றேன், நான்தான் என்று.

சிரித்தார். "அப்புறம் இதை ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறாய்?"

கனம் பார்க்காமல் சுட்டேன் என்றேன். உலைப் பக்கம் கை காட்டினார். படுக்க இடம் கேட்டேன். அதற்கும் அதே பக்கம் காட்டினார்.

உலைக்கு முன்னால் கத்திகள் குவிந்து கிடந்தன. நெருப்பைத் தொடுமுன் ஒவ்வொன்றையும் விரலிடுக்கில் பிடித்துப் பார்த்து, தடித்தது ஒரு பக்கம், மெல்லியது ஒரு பக்கம் என்று பிரித்தேன். இன்றுவரை அதுதான் என் முதல் வேலை. சாயங்காலம்வரை யாரும் என் பெயரைக் கேட்கவில்லை.