அறைக்குள் ஒரு வளைவு

மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு ரயிலில் போகும் ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

கிள்ளான் போகும் ரயிலில் ஞாயிறு காலை ஏறுபவர் என்றால் பார்த்திருக்கலாம். ஜன்னலோரம், நரைத்த மீசை, யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து உட்கார்ந்திருப்பார். அந்த ஆள் நான்தான்.

சில மாதங்களாக ஞாயிறுதோறும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். போன ஞாயிறு அந்த ஹெல்மெட் மாட்டிக்கொண்டது... நானும் சேர்ந்து மாட்டிக்கொண்டேன். அதைத்தான் இந்த வாரப் பத்தியில் சொல்லப் போகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க மச்சான், பேர மட்டும் மாத்திடுங்க" என்றார். மாற்றிவிட்டேன்.

தேவன் என் தங்கை கோமதியின் கணவர். ரயில் ஓட்டுநர். இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். போன வருடம் ஒரு சாயங்காலம், ஒரு வளைவு திரும்பும்போது, தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்த ஒருவர் மீது அவர் ஓட்டிய ரயில் மோதிவிட்டது.

வேலை முடிந்து, சாப்பாடு வாங்கிக்கொண்டு, குறுக்கு வழியில் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்த மனிதர். கையில் பிளாஸ்டிக் பை. தேவன் ஹாரன் அடித்தார். பிரேக் போட்டார். ரயில் லோரி இல்லையே, போட்ட இடத்தில் நிற்பதற்கு?

விசாரணை நடந்தது. அளந்து பார்த்தார்கள். ஓட்டுநர் மேல் தவறில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னோம். "உங்க மேல தப்பில்ல." "மறந்துடுங்க." நானும் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அவர் தலையை ஆட்டினார். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. மருத்துவ விடுப்பு. மறுபடி ரயில் ஓட்ட முடியுமா, இல்லை ஆபீசில் ஒரு மேசை வேலை கேட்டு வாங்கிக்கொள்வதா என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வீடு இருக்கும் தாமான் குடியிருப்புக்குப் பின்னால்தான் ரயில் பாதை. ஹாரன் சத்தம் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். ஸ்டேஷன் பக்கமே போவதில்லை.

அதனால்தான் ஹெல்மெட். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எனக்குக் கிள்ளானுக்கு ரயில்தான் வசதி. பக்கத்தில் இருக்கும் பட்டறைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போவேன், ஆனால் நெடுஞ்சாலையில் ஓட்ட எனக்குப் பயம். ஆனால் அந்த வீட்டு வாசலில் நின்று "ரயிலில் வந்தேன்" என்று எப்படிச் சொல்வது? மோட்டாரில் வந்ததாகச் சொல்லிவிட்டேன். மோட்டார் எங்கே என்று கேட்டால்? கடைத்தெருவில் நிழலில் விட்டிருக்கிறேன் என்பேன். பொய்யென்று ஆனபின் அதற்குச் சாட்சி வேண்டாமா? ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

ஒருநாள் கோமதி போன் செய்தாள். குரல் சரியில்லை.

"அண்ணே, இவரு பெட்டாலிங் ஜெயாவுல யார்கிட்டயோ பழைய பொம்மை ரயிலு வாங்கிட்டு வந்திருக்காரு. பெட்டி பெட்டியா தண்டவாளம். நெஜ ரயிலு சத்தம் கேட்டாலே நடுங்குறாரு. இப்ப இது எதுக்குண்ணே? எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மாலையே தேவன் போனில் பேசினார். பல மாதம் கழித்து, அவராகவே.

"மச்சான், பிளைவுட் வேணும். ஒரு பலகை கட்டித் தர்றீங்களா?"

சமையலறை கேபினட் பொருத்துவது என் தொழில் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறுதல் பேச்சு வராத என்னிடம் யாராவது பலகை கேட்டால் அதைவிடச் சந்தோஷம் உண்டா? பட்டறை லோரி கிள்ளான் பக்கம் போனபோது மரத்தை ஏற்றி அனுப்பிவிட்டேன்.

வீட்டின் பின்னறை. முன்பு ஸ்டோர். பொம்மை ரயிலுக்குப் பலகை கட்டுவது கேபினட் மாதிரி இல்லை. கேபினட்டை ஸ்க்ரூ போட்டுச் சுவரில் இறுக்கிவிடலாம். இது காலில் நிற்க வேண்டும், ஆடக் கூடாது, தொய்யக் கூடாது. கீழே சட்டம், குறுக்கே நெருக்கமாகக் கட்டைகள், மேலே பிளைவுட். நம் ஊர் ஈரக்காற்றில் பிளைவுட் அப்பளம் மாதிரி வளையும். அதனால் அடிப்பக்கம், ஓரம் எல்லாம் வார்னிஷ் அடித்தேன். ஒரே பலகையாகக் கட்டினால் கதவு வழியே வெளியே எடுக்க முடியாது என்று இரண்டாகக் கட்டி, நடுவில் போல்ட் போட்டு இணைத்தேன்.

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. தேவன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வளைவு வேணும் மச்சான். பெருசா, மெதுவாத் திரும்புற மாதிரி."

"இந்த ரூமுக்கு அவ்ளோ பெருசு வராது மாப்பிள்ளை. கொஞ்சம் சுருக்காத்தான் வரும்."

"சரி. வர்ற அளவுக்குப் போடுவோம்."

பலகை மேல் கார்க் ஒட்டி, அதன்மேல் தண்டவாளத்தை வளைத்து, சின்ன ஆணிகளால் பதித்தோம். ஒரு துண்டையும் அடுத்ததையும் இணைக்க விரல்நகம் அளவில் ஒரு தகடு. அவர் முனையோடு முனையை முட்டவைத்து இறுக்கினார். கொஞ்சம் இடம் விடவேண்டாமா என்று கேட்டேன். அன்று அவர் சிரித்தார்.

"எந்தக் காலத்துல இருக்கீங்க மச்சான்? இப்ப எல்லாம் வெல்டிங். கட கட சத்தமே கிடையாது. நாங்க ஓட்டுற லைன்ல இடைவெளியே இல்ல."

ரயில் ஓட்டுநர் சொன்னால் கேபினட் போடுகிறவன் என்ன சொல்ல முடியும்? கோமதி கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு கிழவனுங்க ரயிலு வெளாடுறீங்க. சோறு ஆறுது லா!" வெகுநாள் கழித்து அந்த வீட்டில் ஒரு கிண்டல் கேட்டது.

நாங்கள் தண்டவாளம் போட்டது ஏர்கோன் குளிரில். முடிந்ததும் ஏர்கோனை நிறுத்திவிட்டோம். கிள்ளான் மத்தியான வெயில், தகரக் கூரைக்குக் கீழே மூடிய அறை... அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், வளைவில் தண்டவாளம் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது.

வெல்டிங் செய்த நிஜத் தண்டவாளத்தைக் கல்லும் கட்டையும் அமுக்கிப் பிடித்திருக்கும். இதைப் பிடித்திருந்தது குண்டூசி மாதிரி நாலு ஆணி.

பிரித்தோம். இந்த முறை இடைவெளி விட வேண்டும், அளவுக்கு எதை வைப்பது? பர்சிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கார்டை எடுத்துக் கொடுத்தேன். இணைப்புக்கு இணைப்பு அதன் முனையைச் செருகி, ஆணி அடித்துவிட்டு உருவினார். முடிந்ததும் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு தண்டவாளம் நெளியவில்லை. ரயிலும் தடம் புரளாமல் ஓடியது. ஆனால் அதை ஓட்டியது நான். கண்ட்ரோலரில் ஒரு குமிழ், திருப்பினால் ஓடும், அவ்வளவுதான். அவர் அதைத் தொடவே இல்லை. ஞாயிறுக்கு ஞாயிறு வளைவை மட்டும் பிரித்துப் பிரித்துப் போட்டார்.

"இன்னும் சரியா வரல மச்சான்."

நன்றாகத்தானே ஓடுகிறது? எனக்குப் புரியவில்லை. பிறகு வளைவின் உள்பக்கம் அட்டையில் ஒரு சுவர் செய்து வைத்தார். சுவருக்குப் பக்கத்தில் ஒரு கால்வாய். ஒரு பச்சைப் பெட்டி. காகிதத்தில் வெட்டிய நாலைந்து வாழைமரம்.

போன ஞாயிறு. மழை. ரயிலில் வழக்கம்போல ஜன்னலோரம். வெளியே ஒரு கால்வாய் போனது. பச்சை நிற மின்சாரப் பெட்டி. ஒரு வாழைக் கூட்டம். பிறகு நீளமாக ஒரு சுவர்... ரயில் மெதுவாகத் திரும்பியது.

மடியில் இருந்த ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இத்தனை வாரமாக நான் ரசமட்டம் வைத்து, சட்டம் போட்டு, வார்னிஷ் அடித்துக் கட்டிக்கொடுத்தது இந்த இடத்தையா?

கோமதியிடம் சொல்வதா? அவரிடமே கேட்பதா? ஸ்டேஷனிலிருந்து குடை பிடித்து நடந்த வழியெல்லாம் யோசித்தேன். எனக்குப் பேசத் தைரியம் வராது என்பது எனக்கே தெரியும். பின்னறைக்குப் போனேன். அவர் தயாராக நின்றார்.

"ஓட்டுங்க மச்சான். மெதுவா."

அவர் தரையில் முட்டி போட்டார். சுவருக்கு இந்தப் பக்கம், பலகை விளிம்பில் மோவாயை வைத்தார். கண் தண்டவாள மட்டத்தில் இருந்தது. ஒரு ஆள் தண்டவாளத்தைக் கடக்க நின்றால் எங்கே நிற்பானோ, அங்கே.

குமிழைத் திருப்பினேன். ரயில் சுவருக்குப் பின்னாலிருந்து வந்து அவர் முகத்தை நோக்கித் திரும்பியது. அவர் கண் சிமிட்டவில்லை. நான் நிறுத்தினேன்.

"இன்னொரு தடவ."

ஓட்டினேன்.

"இன்னொரு தடவ." பிறகு எழுந்து, "நீங்க வந்து பாருங்க மச்சான்" என்றார்.

நான் முட்டி போட்டேன். அட்டைச் சுவர் கண்ணுக்குப் பக்கத்தில் மலை மாதிரி நின்றது. சத்தம் மட்டும் கேட்டது. சுவரைத் தாண்டிய பிறகுதான் ரயில் தெரிந்தது... தெரிந்தவுடனே முகத்துக்கு நேரே வந்துவிட்டது. என் மூக்குக்கு முன்னால் நின்றது.

நின்ற பிறகுதான் உறைத்தது. நான் இங்கே முட்டி போட்டிருக்கிறேன். அப்படியானால் ஓட்டியது யார்? நிறுத்தியது யார்?

தேவன் கை கண்ட்ரோலரில் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"தெரிஞ்சிச்சா?"

"செவுத்தத் தாண்டினப்புறம்தான் தெரிஞ்சிச்சு."

"அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான்." விரலால் ஓர் இடத்தைத் தொட்டார். "இந்த எடம். இங்கதான் அவரு என்னப் பாத்தாரு."

எனக்கு அங்கே வேறொன்று உறுத்தியது. அந்த வளைவை வளைத்தவன் நான். அறை சின்னது என்று சுருக்கியவன் நான். நிஜத்தில் அது இவ்வளவு சட்டென்று திரும்பாது. அரைமணிக்கு முன்புதான் அதில் திரும்பி வந்திருக்கிறேன். ரயில் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே தெரியும். இந்தப் பலகை சொல்வது முழு உண்மை இல்லை. அதைச் சொன்னால் மனிதர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால், நான் கட்டிய பொய்யில் அவரை உட்கார வைத்த மாதிரி.

"மாப்பிள்ளை... இந்த வளைவு..."

"நெஜத்துல இவ்ளோ இல்ல. அதானே?" என்றார் அமைதியாக. "இருபது வருசமா அதுல திரும்பினவன் மச்சான். எனக்குத் தெரியாதா? கொஞ்சம் முன்னாடியே தெரியும். ஆனா நிறுத்துற அளவுக்கு முன்னாடி இல்ல. அதத்தான் விசாரணையில அளந்து சொன்னாங்களே."

"அப்புறம் எதுக்கு இத்தன தடவ பிரிச்சுப் பிரிச்சுப் போட்டீங்க?"

அட்டைச் சுவரை எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"அங்க அது ரொம்பப் பெருசா இருக்கு மச்சான். படுத்தாலும் அது, எழுந்தாலும் அது. ஒரு ரூமுக்குள்ள அடங்குமான்னு பாத்தேன்."

இத்தனை வருடமாக அளவெடுத்துக் கேபினட் போடுகிறேன். வீட்டுக்கு அடங்காத சாமான்களை எப்படியாவது அடக்கிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் துக்கப்படுகிறவர்களிடம் போனால் மட்டும், தூக்கிப் போடு, மறந்துவிடு என்று நானும்தானே சொல்கிறேன்? வைக்க ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்டதே இல்லை.

இறந்தவர் பெயர் தேவனுக்குத் தெரியும். அவருடைய ஊரும் தெரியும். அன்று அதை என்னிடம் சொன்னார். இங்கே எழுத வேண்டாம் என்றார்.

மாலை கிளம்பும்போது தூறல். ஹெல்மெட்டை எடுத்தேன். தேவன் செருப்பை மாட்டினார்.

"எங்க மாப்பிள்ளை கெளம்பிட்டீங்க?"

"ஸ்டேஷன் வரைக்கும் வரேன்."

"நான் மோட்டார்ல..."

"மச்சான், காலையில அவ்ளோ மழை. உங்க ஹெல்மெட்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல." ஹெல்மெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு இடைவெளி விடக் கொடுத்தது ரயிலுக்குத் தட்டுற கார்டு. டோலு கட்டவும் அதேதான், ஆனா மோட்டாருக்கு ஏது டோலு? பொய் சொல்லவாவது கத்துக்கோங்க லா."

கோமதி வாசலில் நின்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

ஸ்டேஷன் வாசலில் அவர் நின்றுவிட்டார். நானும் நின்றேன். அவசரப்படுத்தவில்லை. பிறகு அவராகவே கேட் தாண்டி உள்ளே வந்தார். பிளாட்பாரத்தின் ஓரத்திலிருந்து தள்ளி, தூணுக்குப் பக்கத்தில் நின்றோம்.

தூரத்தில் ஹாரன். அங்கே கூட்டுவதற்கு டிவி இல்லை.

ரயில் வந்தது. அவர் ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். முகத்தைத் திருப்பவில்லை. ஓட்டுநர் ஜன்னல் எங்களைக் கடந்தபோது உள்ளேயிருந்து ஒரு கை உயர்ந்தது. யாரோ பழைய சிநேகிதர் போலிருக்கிறது. தேவனும் கையை உயர்த்தினார்... பாதி வரைக்கும்.

"டாக்டர்கிட்ட என்ன சொல்லப் போறேன்னு தெரியல மச்சான்," என்றார். "நீங்க ஏறுங்க."

ஏறினேன். கதவு மூடியது. ரயில் நகர்ந்தபிறகும் அவர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஹெல்மெட்டோடு.

திருப்பிக் கேட்க எனக்கு மனமில்லை. இந்த வாரம் முழுக்க வேலைக்கு பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.