என் ஸ்கேனருக்குப் பொட்டு வைக்கவில்லை

அப்பாவின் காரியம் முடிந்த வாரமே நான் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை என்று சொல்லக் கூடாது, அப்ரண்டிஸ். பெங்களூரின் ஓரத்தில், ஹெப்பகோடியைத் தாண்டி ஒரு பெரிய கிடங்கில் ஒரு வருஷம் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும், கற்றுக்கொள்வதற்கு மாதாமாதம் ஸ்டைபண்ட் தருவார்கள். பி.காம். முடித்துச் சும்மா இருந்த நாட்களில் விண்ணப்பித்திருந்தேன். அழைப்பு வந்தபோது வீட்டில் பந்தல் கூடப் பிரிக்கவில்லை.

அப்பா ஆட்டோ ஓட்டினார். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. வண்டியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வருவார். ஒரு காலையில் சவாரிக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பார் மேலேயே சாய்ந்துவிட்டார். நான் ஒரே பெண். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. "கல்லாட்டம் நிக்கிறா பாரு" என்று அத்தை யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் கோபம் வரவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போய், ஊன்றினாலும் தரை தெரியாதே, அப்படித்தான் இருந்தேன்.

"போய்ட்டு வாடி. வூட்ல உக்காந்து இன்னா பண்ணப் போற?" என்றாள் அம்மா. அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. குடியாத்தத்தில் இருக்கும் மாமா, வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று காரியத்தன்றே முடிவு செய்துவிட்டார். எனக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தார். துக்க வீட்டுக்கு வரும்போதே கையோடு கொண்டுவந்தாரோ என்னவோ. அம்மா, "வருஷம் திரும்பட்டும்ண்ணா" என்று ஒரே வார்த்தையில் தள்ளிப்போட்டாள். ஆக எங்களுக்கு ஒரு வருஷம் கிடைத்தது. அதற்குள் அப்ரண்டிஸ் முடிந்து வேலை நிரந்தரமானால் பெங்களூர். ஆகாவிட்டால் குடியாத்தம். நான் பிறந்தது, படித்தது, சண்டை போட்டது எல்லாம் ஸ்ரீராம்புரத்தில்தான். மாமா வீட்டு மாடியறையில் போய் நன்றியோடு உட்கார்ந்திருக்க எனக்கு முடியாது. எதுவும் உறைக்காத அந்த நாட்களிலும் இது ஒன்று மட்டும் உறைத்தது.

பச்சை லைன் மெட்ரோவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் இறங்கி, அப்போதுதான் திறந்திருந்த மஞ்சள் லைனுக்கு மாறிப் போவேன். கிடங்குக்குள் போனால் வானம் தெரியாது. கூரை வரைக்கும் ரேக்குகள். மிக்ஸி, பெட்ஷீட், செல்போன் கவர், நாய்க்குப் பிஸ்கட் என்று யார் யாரோ எங்கெங்கோ படுத்துக்கொண்டு ஆர்டர் போட்டதெல்லாம் அங்கே அடுக்கியிருக்கும். சரக்கு வந்தால் ஸ்கேன் செய்து ரேக்கில் ஏற்ற வேண்டும். ஆர்டர் வந்தால் ஸ்கேன் செய்து எடுக்க வேண்டும். பேக் செய்து, லாரி நிற்கும் டாக்கில் மறுபடி ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் கையில் ஒரு ஸ்கேனர். அதன் கண்ணாடியைப் பார்கோடு மேல் காட்டினால் 'பீப்' என்னும். அந்தப் பீப் கேட்காவிட்டால், கண்ணெதிரே இருக்கும் பெட்டி கூட இல்லாத பெட்டிதான். மனிதர் சொன்னால் அங்கே செல்லாது, மிஷின் சொல்ல வேண்டும்.

எனக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. தோதாக இருந்தது. யாரும் 'எப்படி இருக்கே' என்று கேட்கவில்லை. மற்ற அப்ரண்டிஸ்கள் போரடிக்கிறது என்று பாத்ரூமில் போய் ரீல்ஸ் பார்ப்பார்கள். எனக்குப் போரடிக்கவும் இல்லை. போரடிப்பதற்குக் கூட உள்ளே ஒரு ஆள் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

என்னோடு சேர்ந்தவர்களில் ஒருத்தி மட்டும் என்னை விடவில்லை. ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண், என்னைவிட இளையவள். ஹெப்பகோடியில் ஒரு லேடீஸ் பி.ஜி.யில் தங்கியிருந்தாள். முதல் நாளே "அக்கா" என்று ஒட்டிக்கொண்டாள். நான் பேசவில்லை என்றால் எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. பி.ஜி. சாம்பாரைத் திட்டிக்கொண்டே என் டிபன் பாக்ஸில் பாதியைச் சாப்பிடுவாள். வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி. எந்தச் சரக்கு எந்த ரேக்கில் என்று அவள் கால்களுக்கே தெரியும். நான் மிஷினைப் பார்த்து நடப்பேன், அவள் பேசிக்கொண்டே போய் நிற்பாள்.

வருஷ முடிவில், சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் டெஸ்க்கில் ஒரே ஒரு ஆளை நிரந்தரமாக எடுப்பார்கள் என்று செய்தி வந்தது. அவளும் நானும்தான் எங்கள் பேட்ச்சில் பெயர் எடுத்தவர்கள். "உனக்குக் கெடச்சா நீ குடியாத்தம் போக வேணாம். எனக்குக் கெடச்சா எங்கப்பா கல்யாணப் பேச்சை நிறுத்துவாரு. இன்னாக்கா பண்றது?" என்று என் டிபன் பாக்ஸிலிருந்தே ஒரு உருளைக்கிழங்கை எடுத்தாள். "சாப்பிடு" என்றேன்.

அந்த நிலைமையில்தான் ஆயுத பூஜை வந்தது.

பெங்களூரில் ஆயுத பூஜையன்று பூஜை போடாத பொருள் கிடையாது. எங்கள் சந்து முனையில் ஆட்டோக்களுக்கு வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். ஆபீஸ்களில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைப்பார்கள். கிடங்கிலும் முதல் ஷிப்ட் முடிந்ததும் பூஜை என்று ஏற்பாடு. பண்டிகை சேல் உச்சத்தில் இருந்ததால் பூஜை முடிந்த கையோடு அடுத்த ஷிப்டையும் நாங்களே ஓட்ட வேண்டும். ஃபோர்க்லிஃப்ட்டுக்கு மாலை போட்டாயிற்று. ட்ராலிகளைக் கழுவியாயிற்று. ஒரு மேஜையில் சிவப்புத் துணி விரித்து ஸ்கேனர்களை வரிசையாகப் படுக்க வைத்தார்கள். சந்தனக் கிண்ணத்தோடு தட்டை எடுத்துக்கொண்டு ஊத்தங்கரைக்காரி கிளம்பினாள். அவளைத் தவிர யார் கிளம்புவார்கள்?

எங்கள் வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. நான் தள்ளியே நின்றேன். அவள் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"உன் மிஷினைக் குடுக்கா. நான் வெச்சுடறேன்."

"வேணாம். எங்களுக்கு இந்த வருஷம் கூடாது. நான் புழங்குறது, பூஜைல சேர்க்காத."

அவள் முகம் ஒரு நொடி வாடிவிட்டது. "ஆமால்ல. ஸாரிக்கா" என்று, என் ஸ்கேனரை என் இடுப்பு உறையிலேயே தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

பொட்டு என்றால் நெற்றியில் வைக்க வேண்டும். ஸ்கேனருக்கு நெற்றி எது? எல்லோருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது: முன்னால் பளபளவென்று இருக்கும் அந்தக் கண்ணாடிதான். அவள் சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொன்றுக்கும் அழகாக இட்டு, நடுவில் குங்குமம் வைத்தாள். இன்னும் இரண்டு மூன்று பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். மேனேஜர் சார் கன்னடக்காரர், நல்ல பக்திமான். செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைக்குப் பின்னால் கைகூப்பி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அதை அவரே வாட்ஸாப் குரூப்பில் போட்டார். பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கொடுத்தார்கள். எனக்கும் ஒரு காகிதத்தில் கட்டிக்கொண்டு வந்து தந்தாள். பொரி தின்னலாமா கூடாதா என்று யோசித்து, தின்றேன். ருசி தெரியவில்லை. அது பொரியின் குற்றமில்லை.

அடுத்த ஷிப்ட் தொடங்கியது. பீப் சத்தம் வரவில்லை.

சந்தனம் காய்ந்து கண்ணாடியில் பட்டையாக ஒட்டியிருந்தது. ஒருவன் சாவியால் சுரண்டினான், கண்ணாடியில் கீறல் விழுந்தது. ஒருவன் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினான், மிஷின் உள்ளே தண்ணீர் போய் அணைந்தேவிட்டது. அவள் துப்பட்டாவால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு, "இரு இரு, வந்துடும்" என்று குழந்தையிடம் பேசுவது போல மிஷினிடம் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன. கிடங்கு முழுக்கச் சரக்கு இருந்தது, ஆனால் ஒன்றுமே இல்லை.

என் ஸ்கேனர் மட்டும் வேலை செய்தது. டாக்கில் நின்று நான் ஸ்கேன் செய்தேன். ஒரு லாரி, அடுத்த லாரி. நான் வேகமாக ஒன்றும் செய்யவில்லை, எப்போதும் செய்வது போலத்தான். மேனேஜர் சார் வியர்வை வழிய வந்து மேஜையைப் பார்த்து, "யாரு மாடித்து இது?" என்று கத்தினார். யார் செய்தது என்றால் என்ன பதில் சொல்வது? அவர் கைகூப்பி நின்ற மேஜைதானே அது. ஆனால் அவள் கையில் தட்டு இருந்தது, விரலில் சந்தனம் இருந்தது. குரூப்பில் போய்ப் பார்த்தேன். போட்டோவை அழித்துவிட்டிருந்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

சில லாரிகள் சரக்கில்லாமல் போயின. மேலிடத்திலிருந்து மெயில் வந்தது, மீட்டிங் நடந்தது. பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அவள் கூட ஒரு வாரத்தில் பழையபடி என் உருளைக்கிழங்குக்கு வந்துவிட்டாள்.

வருஷம் முடிந்தபோது மேனேஜர் சார் என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டார். டிஸ்பாட்ச் வேலை எனக்குத்தான் என்றார். அவள் வேலையில் நல்ல வேகம், ஆனால் ஒழுங்கு முக்கியம் என்றார். "பூஜை தினா ஞாபகம் இருக்கா? அத்தனை பேர்ல உங்க மிஷின் மட்டும் கிளீன். அன்னிக்கே நான் நோட் பண்ணிட்டேன்."

"எல்லாரும்தான் சார் வெச்சாங்க. நீங்களும் நின்னீங்க. அப்போ எங்கப்பா இறந்து வருஷம் திரும்பல, அதனால நான் வெக்கல. இல்லன்னா நானும் வெச்சிருப்பேன். அவளைவிடப் பெரிய பொட்டா வெச்சிருப்பேன்."

அவர் கொஞ்சம் திகைத்தார். பிறகு முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, "ஓ, ஸாரிம்மா, தெரியாது" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஆனா டிசிப்ளின் டிசிப்ளின்தான்" என்று கையை நீட்டிக் குலுக்கினார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கைக்குப் பாராட்டு விழா.

அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். கேன்டீனில் உட்கார்ந்திருந்தாள், அழுது முடித்த முகம். நான் எதிரே உட்கார்ந்து, கேபினில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பூஜை என்றதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாமி மிஷினு நல்லா ஓடணும்னுதானேக்கா வெச்சேன்."

"ஆமா."

"உங்கப்பா இருந்திருந்தா தட்டு உன் கையில இருந்திருக்கும். நீதான் என்னைவிடப் பெரியவ."

"ஆமா."

"அப்போ ரெண்டு பேருமே போயிருப்போம்" என்று மூக்கை உறிஞ்சினாள். "பரவால்ல, ஒருத்தியாச்சும் இரு." என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசல் வரை போய் ஷேர் ஆட்டோ ஏற்றிவிட்டேன். கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

மெட்ரோவில் வரும் வழியெல்லாம் அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கணக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் எனக்கு இந்த வேலை இல்லை. அவ்வளவுதான். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமே இல்லை.

வீட்டில் வந்து சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்தாள். மாமாவுக்கு முதலில் போன் செய்து, "நாங்க வரலண்ணா" என்று ஒரு வருஷமாக வைத்திருந்ததைச் சொல்லிவிட்டு வைத்தாள். அப்புறம் அப்பா படத்துக்கு விளக்கேற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையில் கை வைத்தாள்.

"உங்கப்பா வாங்கிக் குடுத்த வேலைடி. கூடவே இருந்து வாங்கிக் குடுத்துட்டாரு."

"வாங்கிக் குடுக்கல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எங்கேயும் கூட இல்ல. செத்தாரு. அவரு செத்ததாலதான் கெடச்சுது. நீ சும்மா விளக்கு ஏத்தாத."

அந்த ஒரு வருஷமும் எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. போய்ட்டாரு, இல்லாம போய்ட்டாரு, விட்டுட்டுப் போய்ட்டாரு என்றுதான் சொல்வோம். அம்மா கையை எடுத்துக்கொண்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் சரிதான். அவள் விளக்கின் திரியைச் சரிசெய்தாள், பிறகு திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"சரி. செத்துட்டாரு. அதுக்கு இன்னா, வேலையை வேணாம்னு சொல்லிடப் போறியா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மா மேல், மேனேஜர் மேல், ஹேண்டில்பார் மேல் சாய்ந்த அந்த மனிதர் மேல்.

"மாட்டேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.