பெரிய வெள்ளியன்று போன செவலைப் பசு

1954, மே 28, வெள்ளிக்கிழமை. திருவொற்றியூர் லூர்துவின் செவலைப் பசு கால்நடை மருந்தகத்தின் மரச்சட்டத்துக்குள் நின்றது. டாக்டர் அருள்பிரகாசம் தோள்வரை சோப்பு நுரை பூசிக் கையை உள்ளே விட்டார். லூர்து கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தான். இரண்டு சினை ஊசிகள் வீணான பசு அது. மூன்றாவதும் தவறினால் அடிமாட்டுத் தரகனுக்கென்று அவன் மனைவி சுகிர்தம் முன்பே தீர்மானித்திருந்தாள்.

"ஊசி போட்ட தேதி?"

"மார்ச் இருபத்தாறு சார்," என்றாள் சுகிர்தம். மாதாகோயில் காலண்டரில் அவளே குறித்து வைத்திருந்தாள்.

"ஒன்பது வாரம். கருப்பையில ஒரு பக்கம் பருத்து நீர் ததும்பணுமே. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவாத்தான் இருக்கு. கரு தங்கியும் வலுவில்லாமக் கரைஞ்சிருக்கும்." டாக்டரின் விரல்கள் எதையோ தேடின. "சினைப்பையில மஞ்சள் கட்டி நிக்குது, அது இருக்கிற வரைக்கும் மாடு பருவத்துக்கு வராது. நசுக்கிட்டா ஒரு வாரத்துல பருவத்துக்கு வரும், புது ஊசி போடலாம். கரு இருந்தா அதுவும் போயிடும். இங்கதான் இல்லையே."

லூர்துவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஏப்ரல் பதினாறு, பெரிய வெள்ளி. ஊர் முழுவதும் கோயிலில் இருந்த மூன்று மணிக்குச் செவலை காளைக்குக் கத்தியது. மூன்றாவது ஊசியும் பலிக்கவில்லை என்று சுகிர்தம் அறிந்தால் பசு மிஞ்சாது. ஆண்டவர் சுரூபத்தைச் சுமக்க வேண்டிய முறைக்காரன் அவன். காலையிலேயே பசுவிடம் பருவத்தின் அறிகுறி கண்டு, வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் தங்கியவன், யாரும் ஒரு துரும்பையும் அசைக்காத அந்த நாளில், பசுவைக் காலடிப்பேட்டைக் காளையிடம் ஓட்டிப் போனான்.

"நசுக்காதே சார்," என்றான். "கணக்கு ஆறு வாரம்தான். பெரிய வெள்ளிக்கு நான்தான் காளையாண்ட இட்டுகினு போனேன்."

டாக்டரின் கை அசையாமல் நின்றது. சுகிர்தம் அவனையே பார்த்தாள்.

"வயித்து வலின்னு எங்கையால ஓமத்தண்ணி வாங்கிக் குட்ச்சியே, அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான்."

டாக்டர் மெல்லக் கையை எடுத்தார். "ஆறு வாரம்னா இந்த அளவு இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. இப்பவே அதிகமாத் தொட்டுட்டேன், கரு இருந்தா கலைஞ்சாலும் கலையலாம். நாலு வாரம் கழிச்சு ஓட்டி வாங்க."

அந்த நாலு வாரமும் லூர்து, துறைமுக வேலைக்குக் கிளம்புமுன் ஒருமுறை, திரும்பியதும் ஒருமுறை, வாலைத் தூக்கி இரத்தக் கறை தெரிகிறதா என்று பார்த்தான். செவலை சாதாரணமாகக் கத்தினாலும் சோற்றுத் தட்டை விட்டு எழுந்தான். தன் பொய்க்கு அந்தக் கருவா பலி என்ற எண்ணம் அவனை அரித்தது. சுகிர்தம் அவனோடு பேசவில்லை. ஆனால் வாசலுக்கு வந்த தரகனை அவளே திருப்பி அனுப்பினாள்.

ஜூன் 25. டாக்டர் கையை உள்ளே விட்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார்.

"சினைதான். பத்து வாரம் சரியா இருக்கு."

லூர்து மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தினான்.

"எந்திரிய்யா," என்றாள் சுகிர்தம், நாலு வாரத்தில் முதன்முறையாக. "நேரா சாமியாராண்ட போய்ப் பாவத்தச் சொல்லிட்டு அப்பறமா வூட்டுக்கு வா. பசுவ நான் ஓட்டிகினு போறேன்."